ட்ரோம்சோவிலிருந்து லாங்யியர்பியன்: 957 கிலோமீட்டரைப் பயண நேரமாக மாற்றுவது எப்படி

ஆர்க்டிக் கடலில் நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போகலாம் என்று மனதில் பட்டவுடன் எல்லாரும் செய்கிற முதல் வேலை, ட்ரோம்சோ, லாங்யியர்பியன் என்று இரண்டு பெயர்களையும் தேடுபெட்டியில் போட்டுத் தூரம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று பார்ப்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். ஒரு இடத்தில் 957 கி.மீ. என்று வந்தது. இன்னொரு இடத்தில் 595, வேறொன்றில் 517. நேரமும் அப்படித்தான், ஒன்று 1 மணி 12 நிமிடம் என்கிறது, இன்னொன்று 1 மணி 40 நிமிடம் என்கிறது. இதில் எதை நம்பி டிக்கெட் போடுவது?

இத்தனைக்கும் இவற்றில் எதுவுமே தப்பில்லை, ஒவ்வொன்றும் வேறு அளவிலோ வேறு கேள்விக்கோ வந்த பதில், அவ்வளவுதான். எந்த எண் எதைச் சொல்கிறது என்று புரிந்துவிட்டால் வடகோடியில் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பேனாவும் காகிதமும் போதும்.

முதலில் ஊர்கள். ட்ரோம்சோ வட நார்வேயில் ஒரு தீவின் மேல் இருக்கும் நகரம், ஆர்க்டிக் வட்டத்துக்கு நன்றாகவே வடக்கே. அதன் விமான நிலையம் லாங்னெஸ் என்ற இடத்தில் இருக்கிறது, 1964-இல் திறந்தது. லாங்யியர்பியன் அதற்கும் வடக்கே கடலைத் தாண்டி, ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனில் இருக்கிறது. ஜான் மன்ரோ லாங்யியர் என்ற அமெரிக்கர் 1906-இல் நிலக்கரி தோண்டத் தொடங்கிய இடம், பெயர் அவருடையது. 1975-இல் அங்கே விமான நிலையம் வந்தது. வழக்கமான பயணிகள் விமானம் போய்வருகிற நிலையங்களில் உலகத்திலேயே வடகோடியில் இருப்பது இதுதான். ஓடுபாதை இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, கீழே இருக்கும் மண் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண், அது கோடையில் மேலாக இளகி இறங்குவதால் ஓடுபாதையைச் சமப்படுத்துகிற வேலை அவர்களுக்கு ஓயாது.

படி 1: வரைபடத்தில் விரலால் அளக்காதீர்கள்

கைப்பேசி வரைபடத்தைத் திறந்து ட்ரோம்சோவுக்கும் லாங்யியர்பியனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அப்புறம் அதே பெரிதாக்கத்தில் கீழே நகர்த்தி சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவே பாருங்கள். ட்ரோம்சோ பயணம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம் போலத் தெரியும். உண்மையில் சென்னை–டெல்லி வான்வழியில் சுமார் 1,760 கி.மீ., ட்ரோம்சோ–லாங்யியர்பியன் 957 தான், பாதிக்குக் கொஞ்சம் மேலே. தட்டையான வரைபடம் துருவத்தை நோக்கிப் போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கிவிடும். லாங்யியர்பியன் இருக்கும் அட்சரேகையில் அது கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. நான் முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு வீட்டில் 'குறைந்தது நான்கு மணி நேரம் கடல் மேலேயே பறக்கணும் போல' என்று பயமுறுத்தி வைத்திருந்தேன், போய் வந்த பிறகும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

படி 2: காகிதத்தில் தூரம் போடுவது

இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் எந்த இணையதளத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை.

இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரோம்சோ: வடக்கு 69 பாகை 41 நிமிடம், கிழக்கு 18 பாகை 55 நிமிடம். லாங்யியர்பியன்: வடக்கு 78 பாகை 15 நிமிடம், கிழக்கு 15 பாகை 28 நிமிடம். இங்கே ஒரு குழி இருக்கிறது, பலர் அதில் விழுவார்கள். 78 பாகை 15 நிமிடம் என்றால் 78.15 இல்லை, 78.25. ஒரு பாகைக்கு 60 நிமிடம், கடிகாரம் மாதிரி. இதை மாற்றி எழுதினால் அந்த ஒரு எண்ணிலேயே பதினோரு கிலோமீட்டர் எங்கேயோ போய்விடும்.

இப்போது அட்சரேகைகளைக் கழியுங்கள்: 8 பாகை 34 நிமிடம். மொத்தமாக நிமிடத்தில் சொன்னால் 514. இதில் ஒரு அழகு என்னவென்றால், அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பதே ஒரு கடல் மைல், கப்பல்காரர்கள் அந்த அளவை உண்டாக்கியதே அப்படித்தான். ஆக வடக்கு நோக்கி 514 கடல் மைல் என்று வந்துவிட்டது, பெருக்கல் கூட வேண்டியதில்லை.

தீர்க்கரேகையைக் கழித்தால் 3 பாகை 27 நிமிடம், அதாவது 207 நிமிடம். ஆனால் இதை அப்படியே கடல் மைலாக எடுக்கக் கூடாது. பூமத்திய ரேகையில்தான் தீர்க்கரேகைகள் அகலமாக விலகி நிற்கும், துருவத்தில் எல்லாம் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும், பலாப்பழத்தை நெடுக்காகக் கீறினால் காம்பருகில் கீறல்கள் நெருங்கி வருவது போல. எவ்வளவு நெருக்கம் என்பதற்குக் கைப்பேசிக் கணிப்பானில் கோசைன் பொத்தான் இருக்கிறது. இரண்டு ஊர்களின் நடு அட்சரேகை சுமார் 74 பாகை, அதன் கோசைன் 0.276. 207-ஐ அதால் பெருக்கினால் 57. மேற்கு நோக்கி வெறும் 57 கடல் மைல்.

வடக்கே 514, மேற்கே 57. பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்தான் மிச்சம்: இரண்டையும் வர்க்கம் எடுத்துக் கூட்டி வர்க்கமூலம் பார்த்தால் 517 கடல் மைல். கிலோமீட்டருக்கு 1.852-ஆல் பெருக்கினால் 957. முடிந்தது.

ஆரம்பத்தில் சொன்ன மூன்று எண்களும் இப்போது தெளிவாகியிருக்கும். 517 கடல் மைல், 595 சாதாரண மைல், 957 கிலோமீட்டர் எல்லாம் ஒரே தூரம். சில இடங்களில் இன்னும் மூன்று நான்கு கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டுவார்கள், அதுவும் பிழை இல்லை, பூமி துருவப் பக்கம் கொஞ்சம் தட்டையாக இருப்பதையும் அவர்கள் கணக்கில் சேர்த்திருப்பார்கள். அந்த வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்த முக்கோண வித்தை ஊர்கள் பெரும்பாலும் மேலும் கீழுமாக இருக்கும்போதும், தூரம் அதிகமில்லாதபோதும்தான் சரியாக வரும். வடகோடியில் கிழக்கு மேற்காக வெகுதூரம் விலகிய இரண்டு ஊர்களுக்கு இதைப் போட்டால் ஏமாற்றும். அங்கே விமானம் துருவத்தின் பக்கம் வளைந்து, உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதையில் போகும், அதற்குக் கணிப்பு தளங்கள்தான் சரி.

படி 3: தூரத்தை நேரமாக்குவது

பெரிய ஜெட் விமானத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டு. 957-ஐ 800-ஆல் வகுத்தால் 1 மணி 12 நிமிடம். சில தளங்கள் காட்டும் எண் இதுதான், ஏதோ விமானம் நின்ற இடத்திலிருந்தே முழு வேகத்தில் கிளம்பி முழு வேகத்திலேயே இறங்குகிற மாதிரி. அரை மணி கூட்டினால் 1 மணி 42 நிமிடம், கால அட்டவணையில் நீங்கள் பார்ப்பதும் ஏறத்தாழ அதுதான். அந்த அரை மணியில் நகர்ந்து ஓடுபாதைக்குப் போவது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது, திரும்ப வந்து நிற்பது எல்லாம் அடங்கும். டிக்கெட்டில் போட்டிருப்பது சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரமே இல்லை, கிளம்பும் இடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம், இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒஸ்லோவுக்கும் இதையே போட்டுப் பாருங்கள். ஒஸ்லோ–ட்ரோம்சோ சுமார் 1,115 கி.மீ., கணக்கில் 1 மணி 54 நிமிடம். ஒஸ்லோ–லாங்யியர்பியன் நேராகப் போனால் சுமார் 2,010 கி.மீ., 3 மணி. இரண்டும் அட்டவணையோடு ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஒத்துப்போகும்.

சென்னை–மும்பை ட்ரோம்சோ–லாங்யியர்பியனைவிட வெறும் எழுபத்து சொச்சம் கிலோமீட்டர்தான் அதிகம், கணக்குப்படி ஆறு நிமிடம் கூட வர வேண்டும், ஆனால் அட்டவணையில் அதைவிட நிறையவே கூடுதலாகப் போட்டிருப்பார்கள். மும்பை வானத்தில் வரிசையில் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே எழுதுகிறார்கள். லாங்யியர்பியனில் அந்த வரிசை கிடையாது, வானம் காலி. அதற்குப் பதிலாகக் குளிர்காலத்தில் வேறொன்று இருக்கிறது: கிளம்பும் முன் வண்டி வந்து இறக்கைகளின் மேல் பனி நீக்கும் திரவத்தைச் சூடாகப் பீய்ச்சி அடிப்பார்கள், ஜன்னலில் ஆரஞ்சு நிறமாகவோ பச்சையாகவோ வழியும், அதற்கு ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் போகும். முதல் தடவை பார்ப்பவர்கள் ஏதோ பழுது என்று நினைத்துப் பயப்படுவார்கள், இல்லை.

காற்று? டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும்போது போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று வித்தியாசப்படுவது மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் மேல்காற்றால். இது தெற்கு வடக்குப் பாதை, காற்று பக்கவாட்டில்தான் படும், ஆகவே போக வர பெரும்பாலும் ஒரே நேரம்தான்.

நேர மண்டலக் குழப்பமும் இல்லை. ஸ்வால்பார்ட்டிலும் நார்வே கடிகாரமே ஓடுகிறது. இந்தியாவோடு ஒப்பிட்டால் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால்.

படி 4: சின்ன விமானத்துக்குச் சின்னக் கணக்கு

லாங்யியர்பியனிலிருந்து இன்னும் வடமேற்கே நீ ஓலெசுண்ட் என்ற ஆராய்ச்சிக் குடியிருப்பு இருக்கிறது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008-லிருந்து அங்கேதான். அந்த ஊர் நிற்கும் காங்ஸ்ஃபியோர்டன் என்ற குறுகிய கடல் வளைகுடாவின் கரையிலிருந்து சற்றுத் தள்ளி 2014-இல் கடலடியில் இறக்கிய இண்டார்க் என்ற அளவீட்டுக் கருவித் தொகுதியில் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் கையும் உண்டு. இதற்காகவே நான் இந்தப் பாதையையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நீ ஓலெசுண்ட் வடக்கு 78 பாகை 56 நிமிடம், கிழக்கு 11 பாகை 52 நிமிடம். வடக்கே 41 கடல் மைல். தீர்க்கரேகை வித்தியாசம் 216 நிமிடம், நடு அட்சரேகையின் கோசைனால் பெருக்கினால் 43. மொத்தம் 59 கடல் மைல் சொச்சம், 110 கி.மீ. இதே தீர்க்கரேகை வித்தியாசம் பூமத்திய ரேகையில் 400 கி.மீ. ஆகியிருக்கும்!

அங்கே போவது டார்னியர் 228 என்ற இரட்டை விசிறி விமானம், அதற்கு 800-ஆல் வகுக்கும் கணக்குச் செல்லாது, 350-ஆல் வகுத்துப் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள், அரை மணிக்குள் முடிந்துவிடும். ஆனால் சும்மா டிக்கெட் எடுத்து ஏற முடியாது, அந்தக் குடியிருப்பை நடத்துபவர்களின் அனுமதி வேண்டும், ஆய்வாளர்களுக்கான வண்டி அது. இன்னொன்று, நீ ஓலெசுண்டைச் சுற்றி 20 கி.மீ.க்கு ரேடியோ மௌனம். அங்கே இருக்கும் அளவீட்டு ஆன்டெனாக்கள் விண்வெளியிலிருந்து வரும் மிக மெல்லிய சமிக்ஞையைக் கேட்பவை. விமானம் இறங்கினதும் வழக்கமாகக் கைப்பேசியை உயிர்ப்பிப்போமே, அங்கே இறங்கின பிறகும் ஃப்ளைட் மோடிலேயே, வைஃபையும் புளூடூத்தும் அணைத்தே வைத்திருக்க வேண்டும்.

படி 5: விசா, கடவுச்சீட்டு

தூரத்தை விட ஆளைக் கவிழ்ப்பது இதுதான், நிறுத்திப் படியுங்கள்.

1920-இல் கையெழுத்தாகி 1925-இல் நடைமுறைக்கு வந்த ஸ்வால்பார்ட் ஒப்பந்தத்தின் கீழ் இருக்கும் ஸ்வால்பார்ட்டுக்கு விசா தேவையில்லை. இதை எங்கேயோ படித்துவிட்டு 'விசாவே வேண்டாமாம்' என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே போக நார்வேயைத் தாண்டித்தானே போக வேண்டும்? நார்வே, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது, ஸ்வால்பார்ட் வெளியே இருக்கிறது. ட்ரோம்சோவில் விமானம் ஏறும்போதே நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகப் பதிவாகிவிடும். திரும்பி வரும்போது புதிதாக நுழைகிறீர்கள். ஆகவே ஒரே ஒரு முறை நுழையும் விசா போதாது, இரண்டு முறை அல்லது பல முறை நுழையும் விசாதான் கேட்டு வாங்க வேண்டும். இந்திய, இலங்கை கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விண்ணப்பத்திலேயே ஸ்வால்பார்ட் பயணத்தை எழுதிவிடுங்கள். எனக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த முகவர் 'ஒரு முறை நுழைவு போதும் சார், எல்லாம் நார்வேதானே' என்று அடித்துச் சொன்னார். நல்ல வேளையாக விண்ணப்பிக்கும் முன் இன்னொருவரிடம் கேட்டேன்.

ஒஸ்லோவிலிருந்து ட்ரோம்சோ வழியாகப் போகும் விமானத்தில் ஏறினால், லாங்யியர்பியன் வரை டிக்கெட் இருந்தாலும் ட்ரோம்சோவில் எல்லாரும் கைப்பையோடு இறங்க வேண்டும். வரிசையில் நின்று, கடவுச்சீட்டைக் காட்டி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், பெரும்பாலும் அதே விமானத்தில் அதே இருக்கையில் போய் உட்கார்வீர்கள். நார்வேக்காரர்களும் அடையாளச் சான்றைக் காட்டித்தான் ஆக வேண்டும். நான் போனபோது எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கடவுச்சீட்டு இருந்த மேல்கோட்டை விமானத்திலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டார், அதை எடுத்து வர ஒரு பணிப்பெண் ஓட வேண்டியதாயிற்று. இறங்கும்போது கடவுச்சீட்டும் போர்டிங் பாஸும் கையில் இருக்கட்டும்.

இந்த நிறுத்தத்துக்கு முக்கால் மணி நேரம் வையுங்கள். 1 மணி 55, முக்கால் மணி, 1 மணி 40 என்று கூட்டினால் ஒஸ்லோவிலிருந்து நாலேகால் மணிக்குக் கொஞ்சம் மேலே. நேர் விமானத்தோடு பார்த்தால் சுற்றுத் தூரம் அறுபது கி.மீ. மட்டும்தான் கூடுதல், நேரம் போவதெல்லாம் தரையில்.

படி 6: வீட்டு வாசலிலிருந்து கணக்கு

சென்னையிலிருந்து ஒஸ்லோவுக்கு நேர் விமானம் இல்லை, வளைகுடா நாடு ஒன்றிலோ ஐரோப்பிய நகரம் ஒன்றிலோ மாற வேண்டும். ஆகாயத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால் பதினைந்து மணி நேரத்தை ஒட்டி வரும், ஆனால் வாசலைப் பூட்டியதிலிருந்து லாங்யியர்பியன் அறைக் கதவைத் திறக்கும் வரை ஒன்றரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒஸ்லோவில் இறங்குபவர்கள் பல நேரங்களில் அங்கேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் போட வேண்டியிருக்கும். பெட்டியில் லாங்யியர்பியன் சீட்டு ஒட்டியிருந்தாலும் நேரே வந்துவிடும் என்று நினைக்காமல் கிளம்பும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். ஒஸ்லோவில் மாற இரண்டரை, மூன்று மணி நேரமாவது வையுங்கள். எல்லாம் ஒரே டிக்கெட்டாக இருப்பது நல்லது. தனித்தனியாகப் போட்டால் கொஞ்சம் காசு மிஞ்சலாம், ஒன்று தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை.

வானிலைக்கு ஒரு நாள் சும்மா விடுங்கள். கோடையில் மூடுபனி, குளிர்காலத்தில் புயல்காற்று, சில நாள் லாங்யியர்பியன் வரை போய்விட்டு இறங்க முடியாமல் ட்ரோம்சோவுக்கே விமானம் திரும்பிவிடும். பக்கத்தில் இறக்கிவிட வேறு பெரிய நிலையம் இல்லையே, நடுக்கடலில் பாதி வழியில் இருக்கும் கரடித் தீவில் வானிலை நிலையம்தான் உண்டு. அப்படித் திரும்பினால் 1 மணி 40 நிமிடப் பயணம் மூன்றரை மணியாகி, கிளம்பின இடத்திலேயே முடியும். திரும்பி ஊருக்கு வரும் பெரிய விமானத்தை லாங்யியர்பியனை விட்டுக் கிளம்பும் அதே நாளில் போடாதீர்கள்.

படி 7: இறங்கின பிறகு

விமான நிலையம் ஊரிலிருந்து ஐந்து கி.மீ. விமானம் வரும் நேரத்துக்குப் பேருந்து வந்து நிற்கும், விடுதி விடுதியாக இறக்கிவிடும். நடந்தே போய்விடலாம் என்று தோன்றும், கோடையில் இரவு பதினோரு மணிக்கும் வெயில் அடிக்கும் ஊர் அது, ஏப்ரல் இருபதாம் தேதி வாக்கிலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை சூரியன் மறையாது. ஆனால் கையில் பெட்டியோடு வேண்டாம். குடியிருப்பை விட்டு வெளியே போனால் பனிக்கரடிக்கு எதிரான பாதுகாப்போடுதான் போக வேண்டும் என்பது அங்கே விதி.

பேருந்தில் ஏறும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். மேலே மலைச்சரிவில் கான்கிரீட் ஆப்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது 2008-இல் திறந்த உலக விதைப் பெட்டகத்தின் வாசல். நிலையக் கட்டடத்துக்கு வெளியே கைகாட்டி மரம் ஒன்று நிற்கிறது, உலக ஊர்கள் ஒவ்வொன்றின் பக்கமும் ஒரு பலகை, ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர். எல்லாரும் அதன் அடியில் நின்று படம் எடுப்பார்கள். நான் சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து என் எண்களோடு பலகைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன், விரல் விறைத்துப்போய்க் காகிதத்தைத் திரும்ப மடிக்க முடியவில்லை, ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.